மெஷின் கத்தாத இடம்

என் கணவர் சோதிலிங்கத்தை ஒக்லண்டின் மவுண்ட் ஆல்பர்ட்டில் தெரியாதவர்கள் குறைவு. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. காதில் ஹெட்போன், இடுப்பில் சின்ன மண்வாரி, கையில் நீளத் தடி, தடியின் நுனியில் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரு வட்டம். அதைப் புல்லுக்கு மேலே இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் நடக்கிற ஒரு மெலிந்த தமிழரை யாருக்குத்தான் தெரியாமல் போகும்? பூங்காவுக்கு நாய் கூட்டி வருகிற வெள்ளைக்காரிகள் அவரை மறித்து வைத்துக் கதைப்பார்கள். என்னைக் கண்டால் ஒரு தலையாட்டலோடு சரி.

மண்ணுக்குள் கிடக்கிற உலோகத்தைக் கண்டால் கத்துகிற மெஷின் அது. 1985இல் பேப்பரில் விளம்பரம் பார்த்துப் பழையதாக வாங்கினார். நாங்கள் இலங்கையிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. சோபா இல்லாத வீடு. மகளுக்கு மழைக்கோட்டு இல்லை. மனிதர் ஒரு தடியைத் தூக்கிக்கொண்டு பல்லெல்லாம் தெரிய வந்து நிற்கிறார்! அன்று நான் ஆடின ஆட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் யன்னலை மூடினார்கள்.

"தங்கம் கிடைக்கும், யோகம்" என்றார். யோகம் என்பது என் பெயர்.

"கிடைக்கும், கிடைக்கும். கிடைச்சதும் சொல்லுங்கோ, நான் உலையை வைக்கிறன்."

சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஒளித்து வைத்துக் கதை சொல்ல எனக்கு வராது. அவர் ஒக்லண்ட் முழுவதையும் அந்த மெஷினால் தடவித் திரிந்த காலமெல்லாம், என் தாலிக்கொடி எங்கள் வீட்டுப் பின்வளவில், மண்ணுக்குள் கிடந்தது. அதைப் புதைத்தவள் நான். அவருக்குத் தெரியாது. பாங்க் லொக்கரில் இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். கழுத்தில் மெல்லிய சங்கிலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, முகத்தில் ஒன்றும் தெரியாமல் அவருக்குச் சோறு போட்டேன்.

அந்தக் கொடிக்கும் அவருடைய மெஷினுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு நடக்கும். நல்ல நாள் பார்த்து, சபை பார்த்திருக்க, தட்டார் ஒரு தங்கக் காசை உருக்குவார். அந்தப் பொன்னில்தான் தாலி செய்வார்கள். இவருடைய தாய் பெட்டகத்தில் வைத்திருந்த ராசா தலைப் பவுணை எடுத்துக் கொடுத்தா. கலியாணம் முடிந்த மூன்றாம் நாள் என்னிடம் இவர் ஆசையாகப் பேசிய முதல் பேச்சு அதைப் பற்றித்தான்.

"ராசாவுக்கு முதல்லை மூக்குப் போச்சுது. பிறகு தாடி. நான் பாத்துக்கொண்டு இருக்கிறன், ஆள் அப்பிடியே தண்ணியாப் போயிட்டார். அப்பதான் யோசிச்சன், அது எந்த வருசத்துக் காசு எண்டு நான் பாக்கேல்லையே!"

புதுப் பெண்சாதியிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் மனிதருக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தக் காசைக் கண்டாலும் முதலில் வருடத்தைத்தான் பார்ப்பார். கொழும்பில் நீர்ப்பாசன இலாகாவில் நில அளவைக்காரருக்கு உதவியாளாக இருந்தார். எங்காவது குளம் வெட்டினால் மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்பாராம். இங்கே மனுரேவாவில் ஒரு குடோனில் ஸ்டோர்மன் வேலை. ரயில் மாறிப் போய், பெட்டிகளை எண்ணிவிட்டு, ரயில் மாறி வருவார். வேறு ஒருவர் என்றால் குடித்தாவது பழகியிருப்பார். இவர் மண்ணைத் தடவப் பழகினார்.

அவருக்குச் சில சட்டங்கள் உண்டு. கேட்காமல் ஒருவருடைய காணியிலும் இறங்கமாட்டார். தோண்டின குழியை மூடாமல் நகரமாட்டார். புல்லை மூன்று பக்கம் வெட்டி, மூடி மாதிரித் திறந்து, எடுத்த மண்ணை ஒரு துணியில் கொட்டி, பார்த்த பிறகு மண்ணை உள்ளே போட்டு மூடியைச் சாத்தி மிதித்துவிடுவார். தோண்டின இடம் அவருக்கே தெரியாது. கிடைத்ததெல்லாம் பிஸ்கட் டின்னில். தூயி என்ற குருவிப் படம் போட்ட பெரிய செப்புப் பெனிகள், மூன்று பென்ஸ் வெள்ளிக்காசு, ஒரு காது அறுந்த ஈயக் குதிரை, எண்ணிக்கையில்லாத பியர் டின் வளையம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொயின்ட் ஷெவலியர் கடற்கரையில் யாரோ ஒரு கிழவரின் கலியாண மோதிரம் கிடைத்தது. உள்ளே பெயர் வெட்டியிருந்தது. மூன்று வாரம் டெலிபோன் புத்தகத்தைப் புரட்டி ஆளைப் பிடித்துக் கொடுத்தார். அந்த ஆள் கொடுத்த கேக்கை வழியில் தின்றுவிட்டு வந்து, "நல்ல கேக் யோகம்" என்று என்னிடம் சொன்னார்.

தங்கம் தேடி ஒரு முறைதான் போனார். தேம்ஸ் என்ற சின்ன ஊர்ப் பக்கம், முந்தித் தங்கச் சுரங்கம் வெட்டின மலையடிவாரத்துக்கு. மூன்று நாள் மழையில் நின்றுவிட்டு ஒரு லாடத் துண்டும், ஓடையில் மினுங்கியதென்று கையால் பொறுக்கின ஒரு மஞ்சள் கல்லும் கொண்டு வந்தார். கல்லைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் திறந்து திறந்து பார்த்தார். நான் கொழும்பில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எட்டு வருடம் கெமிஸ்ட்ரி படிப்பித்தவள். இங்கே ஒரு பள்ளிக்கூடத்து லாபில் போத்தல் கழுவுகிறேன், அது வேறு கதை. கல்லிலிருந்து ஒரு பொருக்கை உடைத்து அடுப்பில் காய்ச்சிக் காட்டினேன். கந்தகம் மணத்தது.

"இரும்பும் கந்தகமும்" என்றேன். "பொன் இல்லை."

முகம் சுருங்கிப் போனது. எனக்கு ஒரு சந்தோசம், சொல்லத்தான் வேண்டும். எதையும் சோதித்துப் பார்த்து நம்புகிறவள் நான் என்ற திமிர், கெப்பர்.

அந்தக் கெப்பரோடு இருந்த நான் செய்த வேலையைக் கேளுங்கள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஜூலைக் கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டை எரித்தார்கள். நாங்கள் உயிரோடு வெளியே வந்தோம். அலுமாரி, கட்டில், என்னுடைய சேர்டிபிகேட், எல்லாம் சாம்பல். முழுசாக மிஞ்சியது நகை மட்டும். ஏனென்றால் என் அம்மா மூன்று நாளுக்கு முன்னால் அதைக் கோழிக்கூட்டுக்குக் கீழே மண்ணில் தாட்டிருந்தா. பொன்னோடு ஒரு சத்தகத்தையும் வைத்தா. ஓலை வெட்டுகிற சின்ன வளைந்த கத்தி. "இரும்பு கிடந்தாத்தான் பேய் பிசாசு அண்டாது" என்றா. நான் சிரித்தேன். அம்மா வைத்தா. நகை தப்பியது. கெமிஸ்ட்ரி டீச்சருடைய வீடு தப்பவில்லை.

இங்கே வந்த புதிதில் எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் களவு போனது. வெறும் களவு, டீவியும் ரேடியோவும். ஆனால் நான் இரவில் எழும்பி எழும்பி வாசலைப் பார்த்தேன். ஒக்லண்டில் ஒரு சனமும் வீட்டை எரிக்காது என்று இவர் சொல்லித்தான் என்னைக் கூட்டி வந்தார். நூறு முறை சொல்லியிருப்பார். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். ஒரு வியாழக்கிழமை இவர் வேலைக்குப் போன பிறகு, இரண்டு லீட்டர் ஐஸ்கிரீம் பெட்டியில் கொடியையும் அம்மாவின் அட்டியலையும் போட்டு, பொலித்தீனால் சுற்றி, பின்வளவுப் பிளம்ஸ் மரத்திலிருந்து உடுப்புக் காயப்போடுகிற கம்பிப் பக்கமாக ஏழு அடி வைத்துப் புதைத்தேன்.

பெட்டிக்கு மேலே ஓர் இரும்பும் வைத்தேன்.

சத்தகத்துக்கு இந்த ஊரில் எங்கே போவது? வீட்டில் இருந்த ஒரே ஊர் இரும்பு மாமியுடைய பாக்குவெட்டி. மாமி எண்பத்திரண்டில் செத்துப்போனா. தாயுடைய பொருள் என்று இவரிடம் இருந்தது அது ஒன்றுதான், எரிந்த வீட்டுச் சாம்பலைக் கிளறி எடுத்து வந்தது. நல்ல பாரம், கை அளவு, பிடியில் குதிரைத் தலை. மகள் பிறந்தபோது மாமி அதே பாக்குவெட்டியை என் தலையணைக்குக் கீழே வைத்தா. நான் எடுத்து நிலத்தில் எறிந்தேன். "இரும்புக்கு என்ன மாமி சக்தி? படிச்ச வீட்டிலை இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம்" என்று ஆஸ்பத்திரிக்காரர் முன்னாலேயே சொன்னேன்.  மாமி குனிந்து எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு போய்விட்டா.

அந்தப் பாக்குவெட்டியைத்தான் நான் களவாக எடுத்து மண்ணுக்குள் வைத்தேன். அதைத் தேடி இவர் ஒரு மாதம் அலைந்தார். மேசை லாச்சி, பெட்டி, கார்ப் பெட்டி, எல்லாம் கொட்டிப் பார்த்தார். "நீங்கள்தான் எங்கையாவது வைச்சிருப்பீங்கள், உங்களுக்கு மறதி" என்றேன். பாவம், அவரே அதை நம்பிவிட்டார். "அம்மான்ரை ஒரு சாமானைக் காப்பாத்தத் தெரியேல்லை எனக்கு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்போதே தோண்டிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. வெட்கம். படித்த வெட்கம் லேசில் போகாது.

எண்பத்தாறில், எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் பின்வளவைத் திருத்தினார். நான் வேலையால் வந்து பார்க்கிறேன், பிளம்ஸ் மரம் இல்லை! அடியோடு வெட்டி, இரண்டு ட்ரக் மண் கொட்டி, மட்டம் தட்டிப் புல் விதைத்திருந்தார்கள். உடுப்புக் கம்பியையும் வேலிப் பக்கம் நகர்த்தியாயிற்று. ஏழு அடி எதிலிருந்து எண்ணுவது?  பிறகு எனக்கு நானே சமாதானம் சொன்னேன், ஆழம் கூடினால் காவலும் கூடத்தானே என்று. இப்படியே இரண்டு வருடம் தள்ளினேன்.

அந்த வேலையைச் செய்தவர் மூன்று வீடு தள்ளி இருக்கிற பால் கோவிந்த். பிஜிக்காரர், தென்னிந்திய வம்சம். தோட்டம் திருத்துகிற தொழில், சொந்த ட்ரக். வீட்டில் இந்தி பேசுகிற ஆள், எங்களைக் கண்டால் தமிழ் பேசிப் பார்ப்பார். இவருடைய மெஷினுக்கு அவர்தான் முதல் ரசிகர்.

எண்பத்தெட்டு ஏப்ரலில் வீட்டுக்காரர் வந்து, வீட்டை விற்றாயிற்று, மூன்று வாரத்தில் விட வேண்டும் என்றார். வாங்கினவர்கள் பின்வளவு முழுவதும் கொங்கிரீட் போட்டுக் கராஜ் கட்டப் போகிறார்களாம். இவர் அன்றே ஒனிஹங்காவில் ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டார். நான் அன்று முழுவதும் ஒரு பிடி சோறு இறக்கவில்லை. கொங்கிரீட்! அதற்குக் கீழே என் தாலி!

இவர் வேலைக்குப் போனதும் வளவில் இறங்கினேன். சமையல் கரண்டி, பிறகு மண்வாரி. இங்கே ஒரு குழி, அங்கே ஒரு குழி. மூடத் தெரியாது, அவசரத்தில் மிதித்துவிட்டு ஓடுவேன். பின்னேரம் இவர் வந்து குழிகளைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"முள்ளெலி வருகுது போலை, யோகம். கண்ட மாதிரிக் கிண்டியிருக்குது."

"ஓம், நானும் கண்டனான்" என்றேன். கடவுளே, அந்த முள்ளெலி நான்தான், முள்ளு மட்டும் இல்லை.

நாலாம் நாள் துணிந்து அவருடைய மெஷினையே எடுத்தேன். ஆயிரம் முறை பழித்த மெஷின். ஹெட்போனை மாட்டிப் பித்தானை அமத்தினேன். மெல்லிய இரைச்சல். தட்டைப் புல்லின் மேல் ஆட்டினால் நிசப்தம், நிசப்தம், திடீரென்று காதுக்குள் ஒரு "கீங்!" சத்தியமாகச் சொல்கிறேன், நெஞ்சு துள்ளியது. இந்த மனிதர் ஏன் மழையிலும் போகிறார் என்று அந்த ஒரு வினாடியில் எனக்கு விளங்கியது. விழுந்தடித்துத் தோண்டினால் ஒரு பெனி. துடைத்து முதலில் வருடத்தைப் பார்த்தேன், நாற்பத்து மூன்று. பார்த்த பிறகுதான் நானே சிரித்தேன். அன்று மூன்று பெனியும் ஒரு பியர் வளையமும் எடுத்தேன். பொன் எங்குமே கத்தவில்லை. வளவு முழுவதும் தடவி முடித்துவிட்டேன்.

ஆக, இல்லை. யாரோ எடுத்துவிட்டார்கள். வாசல்படியில் குந்தியிருந்து அழுதேன்.

அன்று இவர் வந்ததும் சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல, பாதியை. கொடி பாங்கில் இல்லை, வளவில் புதைத்தேன், காணவில்லை. கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தித் தப்பியிருப்பேன். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்ப வைச்சனீர்?"

"வந்த வருசம்."

"ஏன் யோகம்?"

"கள்ளர் பயம்" என்றேன். காரணத்தை அவர் மேலே தோண்டவில்லை. "என்னத்துக்குள்ளை வைச்சனீர்?" என்றார். ஐஸ்கிரீம் பெட்டி என்றேன். "நல்லது. பிளாஸ்டிக் எண்டா மெஷினுக்கு மறைப்பில்லை. பொன் கட்டாயம் கத்தும்."

சனிக்கிழமை காலை வளவில் நூல் கட்டினார். நில அளவைக்காரரோடு திரிந்த கை அல்லவா, கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமாக மெஷினை ஆட்டினார். மகள் யன்னலால் பார்த்து, "டாட், வீ ஆர் மூவிங், நாட் ஃபார்மிங்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பத்து மணி, பதினொரு மணி. ஏதோ இரண்டு பெனி. மிச்சமெல்லாம் அமைதி.

"ஏன் இவ்வளவு அமைதியாக் கிடக்குது?" என்று கேட்டேன். "பழைய வீடு, மண்ணுக்கை ஆணியள் கிடக்குமே?"

"கிடக்குது, ஆயிரம் ஆணி. அதுதான் இந்தத் திருகை முழுக்கத் திருப்பி வைச்சிருக்கிறன்." மெஷின் பெட்டியில் இருந்த ஒரு கறுப்புத் திருகைக் காட்டினார். "இது இரும்பை ஒதுக்கும். இரும்பு வந்தா மெஷின் வாயைத் திறக்காது. இல்லாட்டி ஒவ்வொரு ஆணிக்கும் குனிஞ்சு என்ரை இடுப்புப் போயிடும்."

நான் அந்தத் திருகையே பார்த்தேன்.

"பொன்னுக்கு மேலை இரும்பு கிடந்தா?" என்று மெல்லக் கேட்டேன்.

"பெரிய இரும்பு எண்டா அதைத்தான் மெஷின் பாக்கும். அதோடை சேத்துப் பொன்னையும் ஒதுக்கிப் போடும். ஏன் கேக்கிறீர்?"

"சும்மா."

சும்மா! அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு சொல், பாக்குவெட்டி.  நாலு வருடம் அவர் தன்னைத் திட்டிக்கொண்ட பொருள். மாமியை நான் எடுத்தெறிந்து பேசக் காரணமான பொருள். பேய்க்குப் பயந்து வைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது, கல்லைக் காய்ச்சிக் காட்டிய வாயாலா? உள்ளே போய்ப் பெட்டி கட்டினேன். கோப்பைகளைப் பேப்பரில் சுற்றினேன். ஒவ்வொரு கோப்பையையும் இரண்டு முறை சுற்றினேன்.

இரண்டு மணிக்கு நூலெல்லாம் கழற்றிச் சுற்றினார். "பொன் இல்லை, யோகம். மெஷின் பொய் சொல்லாது." பிறகு, தனக்குச் சொல்லப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறவர் மாதிரித் தரையைப் பார்த்துக்கொண்டு, "இந்த மண்ணைக் கிளறினது ஒரு ஆள்தானே" என்றார்.

யார் என்று எனக்குத் தெரியும். "அவர் அப்பிடிப்பட்டவர் இல்லை" என்றேன்.

"நானும் அப்பிடித்தான் நினைக்கிறன். கேக்கவும் ஏலாது. கேக்காமல் போனா, வாழ்நாள் முழுக்க அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருப்பன். அது அதைவிடப் பாவம்."

சொல்லி வாய் மூடவில்லை, பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு பால் கோவிந்தே வந்தார். கையில் ஒரு பை நிறைய ஃபீஜோவாப் பழம். பெட்டி கட்டுகிறோம் என்று கேள்விப்பட்டுக் கொண்டு வந்திருக்கிறார்.

"என்ன அண்ணே, நூலு புடிக்கிறீங்க? காணிய அளந்து கொண்டுபோறீங்களா?" என்று சிரித்தார். பையை என் கையில் தந்தார். "அக்காவுக்கு. புளிப்பு இல்லாத மரம்."

இவர் சிரிக்கவில்லை. தடியை வேலியில் சாய்த்துவிட்டு, "கோவிந்த், ரெண்டு வருசத்துக்கு முந்தி நீங்கள் இந்த மண்ணைத் திருத்தேக்கை..." என்று தொடங்கினார். பால் கோவிந்தின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, இன்னும் ஒன்றும் விளங்காமல். அந்த முகம் விளங்குகிற முகமாக மாறப்போகிற நேரம் எனக்குத் தெரிந்தது. பை கையிலிருந்து விழுந்தது. பழங்களெல்லாம் புல்லில் உருண்டன.

"நிப்பாட்டுங்கோ! அவரை ஒண்டும் கேக்காதையுங்கோ! இரும்பு வைச்சனான். பெட்டிக்கு மேலை நான் இரும்பு வைச்சனான்!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"மாமியின்ரை பாக்குவெட்டி" என்றேன். "பேய் அண்டாமல் இருக்க. நீங்கள் துலைக்கேல்லை. நான்தான் எடுத்தனான். பிளம்ஸ் மரத்திலையிருந்து பழைய உடுப்புக் கம்பிப் பக்கமா ஏழு அடி."

 வேலிக்கு அங்கால் ஒரு புல் வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பால் கோவிந்த் குனிந்து பழம் பொறுக்கத் தொடங்கினார். "நம்ம வீட்டுலயும் வைப்பாங்க அக்கா" என்றார், மிகச் சாதாரணமாக. "பொன்னு பொதைச்சா இரும்பு வேணுமே. பிளம்ஸ் மரத்துப் பக்கம்னா நான் ரெண்டு சாண் மண்ணு போட்டிருக்கேன். மரம் இதோ, இங்கதான் நின்னுச்சு. வேரு இன்னும் உள்ள இருக்கு." வந்து காலால் ஓர் இடத்தைத் தட்டிக் காட்டினார்.

இவர் மெஷினை எடுத்தார். அந்தக் கறுப்புத் திருகை முழுக்க மறுபக்கம் திருப்பினார். ஹெட்போனைக் கழற்றிவிட்டார், எங்களுக்கும் கேட்கட்டும் என்று. ஐயோ, அந்த வளவு கத்தின கத்து! காலையிலிருந்து வாய் மூடிக் கிடந்த மண், ஆணி, கம்பி, தகரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஊளையிட்டது. வேர் இருந்த இடத்திலிருந்து அவர் என் அடியைக் கணக்குப் பண்ணி ஏழு அடி நடந்தார். அங்கே கத்தல் மாறியது. துண்டு துண்டாக வந்த சத்தம், நீளமாக, கனமாக, விடாமல் வந்தது.

"இது ஆணி இல்லை" என்றார்.

புல்லை மூன்று பக்கம் வெட்டினார். அந்த நேரத்திலும் மூடி மாதிரித் திறந்தார், துணியை விரித்தார். முழங்கை ஆழம் போனது. மண்வாரி எதிலோ டங் என்று பட்டது. கையை விட்டு எடுத்தார்.

கறள் பிடித்துச் சிவந்து போயிருந்தது. ஆனால் குதிரைத் தலை தெரிந்தது. மடியில் வைத்துப் பெருவிரலால் அதன் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கீழே பெட்டி இருக்கிறது, என் கொடி இருக்கிறது, அதைப் பார்க்கவே இல்லை. நான்தான் குழிக்குள் கையை விட்டுப் பெட்டியை இழுத்தேன். பொலித்தீன் கிழிந்திருந்தது, பெட்டி வெடித்திருந்தது. பொன் மட்டும் வைத்த நாள் மாதிரி மஞ்சளாகக் கிடந்தது. கெமிஸ்ட்ரி தெரிந்தவளுக்கு இதில் அதிசயம் இல்லை. எனக்கு அன்று அதிசயமாக இருந்தது.

பால் கோவிந்த் பழப் பையை வாசல்படியில் வைத்துவிட்டுச் சொல்லாமலே போய்விட்டார். மரியாதை தெரிந்த மனிதர்.

நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். "ஏசுங்கோ" என்றேன். "மாமியை அப்பிடிப் பேசினனான். உங்களை மறதிக்காரன் ஆக்கினனான். ஏசுங்கோ."

அவர் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் பாக்குவெட்டிக்காக இல்லை.

"கள்ளர் பயம் எண்டனீர். கள்ளனுக்கு ஆரும் இரும்பு வைப்பினமே? உங்கடை அம்மா கோழிக்கூட்டடியிலை வைச்ச மாதிரி எல்லோ வைச்சிருக்கிறீர்." மூச்சை இழுத்துவிட்டார். "நாலு வருசமா இந்த வீடும் எரியும் எண்டு நினைச்சுக்கொண்டே இருந்தனீர்?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அழுகைதான் வந்தது. ஓம் என்று தலையாட்டினேன். இந்த முறை உண்மையாக ஆட்டினேன்.

"நான் ஊர் முழுக்கத் தடவினனான் யோகம்" என்றார். "என்ரை காலுக்குக் கீழை தடவேல்லை."

குழியை மூடினார். மூடியைச் சாத்தி மிதித்தார். கொங்கிரீட் போடப்போகிற வளவு, அதையும் மட்டமாக மூடிவிட்டுத்தான் உள்ளே வந்தார். கொடியைக் குழாய்த் தண்ணீரில் கழுவி என் கையில் தந்தார். "இனி இதை நிலத்திலை வைக்கிறேல்லை" என்றார். அன்று கழுத்தில் போட்டேன். பாரமாக இருந்தது, பழகிக்கொண்டேன். பாக்குவெட்டியை மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். இரண்டு நாளில் வாய் திறந்தது.

ஒனிஹங்கா வீடும் பழைய வீடுதான். துறைமுகம் கிட்ட, காற்றில் உப்பு. போன முதல் சனிக்கிழமை, பெட்டிகள் பாதி கூட அவிழ்க்கவில்லை, யன்னலால் பார்க்கிறேன், மனிதர் பின்வளவில் மெஷினோடு நிற்கிறார். மெஷின் ஓயாமல் கத்துகிறது. திருகை இரும்பை ஒதுக்காத பக்கம் திருப்பியிருக்கிறார் என்று அதிலேயே தெரிந்தது.

எனக்குப் பழைய கோபம் ஏறியது. யன்னலைத் திறந்தேன். "இஞ்சருங்கோ, வீடு கிடக்கிற கிடைக்கு அங்கை என்ன தேடுறீங்கள்? இது எங்கடை வளவே? நாங்கள் ஒண்டும் புதைக்கேல்லையே!"

அவர் தலை நிமிர்ந்து, தடியை ஆட்டுவதை நிறுத்தினார்.

"எங்களுக்கு முன்னம் இருந்த ஆக்களும் பயந்திருப்பினமோ எண்டு பாக்கிறன்" என்றார்.

யன்னலை மூடினேன். கழுத்தில் கிடந்த கொடியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, மண்வாரியை எடுத்துக்கொண்டு நானும் வளவில் இறங்கினேன்.